தண்ணி கலங்கி வந்தா

போனப் பொக்கட்டுக்குள்ள வைங்க அண்ணன். அந்த வெளிநாட்டு ரயில் ஸ்டேசன் வீடியோ எனக்குப் புதுசில்ல. தரை முகம் பாக்கலாம் போல பளபளக்கும், படி தானா இறங்கும், கதவு மூடப் போகுது எண்டு ஒரு பொம்புளக் குரல் சொல்லும். எத்தினையோ தரம் பாத்துட்டன். என்ட தம்பி திவாகரனும் அதப் பாத்துட்டுத்தான் உங்களோட வரத் துள்ளுறான். இரிங்க, அவன் வயல் வட்டைக்குப் போயிரிக்கான், வெள்ளாமைக்குத் தண்ணி கட்ட. வர நேரமெடுக்கும். அதுவரைக்கும் நான் சொல்லுறதக் கேளுங்க. ஏஜென்சிக்காரர் நீங்க, உங்களுக்கு ஆள அனுப்பத் தெரியும். அனுப்பின ஆள் அங்க மண்ணுக்குள்ள என்ன செய்யிறான் எண்டு ஆரும் உங்களுக்குச் சொல்லியிரிக்க மாட்டாங்க.

எனக்குத் தெரியும். எங்கட வீட்டுக்காரர் சதீசன் அங்க வேலையில இரிக்கக்குள்ள ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன்ல இதான் கத. மத்த ஆம்புளையள் என்ன கறி எண்டு கேப்பாங்க, இவருக்கு நிலத்துக்குக் கீழ ஸ்டேசன் கட்டுற கத.

கூரைய முதல் போடுறாங்களாம் அண்ணன். சிரிங்க, நானும் சிரிச்சன். மேல ரோட்டுல வாகனம் ஓடணுமாம், அதால கீழ ஒண்டுமில்லாமலே மூடியப் போட்டுட்டு, மறுகாதான் கீழ குடையிற. அதுக்கும் முதல் நாலு பக்கமும் சுவர். அந்தச் சுவர் அடுக்கிக் கட்டுறதில்ல, ஊத்துற. ஒடுக்கமாக் கிடங்கு வெட்டி, வெட்ட வெட்ட களிக்கூழ ஊத்துவாங்களாம், மண் சரியாம நிக்க. பிறகு கம்பிக் கூட்ட இறக்கி அடியில இரிந்து கொங்கிறீட்டு ஊத்த, கூழ் மேலால வந்துருமாம். இப்பிடித் துண்டு துண்டா இறக்கித்தான் சுவர். ரெண்டு துண்டு சேர்ற இடத்த மூட்டு எண்டுவார் இவர். பக்கத்தில கடல், மண்ணெல்லாம் தண்ணி. இரவு பகலா மோட்டர் இழுக்குமாம். இழுக்காட்டி அவ்வளவு பெரிய ஸ்டேசனே தோணி மாதிரி மிதக்கப் பாக்குமாம்.

அங்க ஒரு சட்டம் இரிக்கு. மூட்டால தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா பறவாயில்ல, வேலையப் பாக்கலாம். கலங்கி வந்தா கையில கிடக்கிறதப் போட்டுட்டு ஏணியில ஏறிரணும். ஏனெண்டா அப்ப தண்ணியோட சுவருக்கு அந்தப் பக்க மண்ணும் சேந்து வருது. தமிழ்லயும் எழுதி ஒட்டியிரிந்தாங்களாம். ஓம் ஓம், வாசிச்சவர்தான். எனக்கே வாசிச்சுக் காட்டினவர்.

அண்டைக்கு நடந்தத எறோல்தான் சொன்னவர். டவுன்ல இரிக்கிற பறங்கி ஆள், தச்சு வேல, கொங்கிறீட்டுக்குப் பலகை அடிக்கப் போனவர். இவரோட ஒரே ரூம். லீவில வந்த உடன ஆத்தத் தாண்டி இஞ்ச பழுகாமத்துக்கு வந்து, சொல்லேலாமச் சொல்லி அழுதவர். அடி மூட்டுல தண்ணி கலங்கி வந்ததாம். விசில் ஊதினாங்களாம். எல்லாரும் ஏணிக்கு ஓட, இவர் மட்டும் மூட்டுக்கு ஓடினவராம்.

உங்களுக்கு விளங்காது, நீங்க கடைக்காரக் குடும்பம். வரம்புல நண்டு ஓட்டையால தண்ணி கலங்கி வந்தா நாங்க என்ன செய்வம்? காலக் குடுப்பம். குதியால ஓட்டைய மிதிச்சிக்கிட்டு, மண் கொண்டாங்க எண்டு கத்துவம். விட்டுட்டு வந்தா வரம்பு போயிரும், கீழ்வயல்காரன்ட வெள்ளாமையும் போயிரும். சின்னப் புள்ளயில இரிந்து கால் பழகின வேல அது. மூளையக் கேட்டுட்டா கால் போகும்? அந்த மூட்டுல குதிய வெச்சி, சாக்குக் கொண்டாங்கடா எண்டு தமிழ்ல கத்தியிரிக்கார். அங்க நிண்டதுல தமிழ் விளங்கின ஒரே ஆள் எறோல், அவர் ஏணியில பாதி. வா மச்சான், வா எண்டு கூப்பிட்டவராம். இவர் நிமிந்து பாத்து, கொஞ்சம் பொறு, நிண்டிரும் எண்டாராம். அதுக்குப் பிறகு மண் வந்திட்டு.

பிரேதமா? எந்தப் பிரேதம் அண்ணன்? மேல ரோட்டுக் கரையில கட்டிடம் சரியத் தொடங்கிட்டாம். அதக் காப்பாத்த அந்த மூலைய அப்பிடியே கொங்கிறீட்டால நிரப்பிட்டாங்க, ஆள் உள்ள கிடக்க. திருப்பித் தோண்டினா சுவர் போயிரும் எண்டு இஞ்சினியர்மார் சொன்னாங்களாம். சரியாத்தான் சொல்லியிரிப்பாங்க. நாங்க இஞ்ச அவர் உடுத்த சாரன் ஒண்ட வெச்சிக் காரியம் செஞ்சம். உங்கட வீடியோவில படி இறங்கி முடிய இடக்கைப் பக்கம் ஒரு வெள்ளச் சுவர் வரும், பூ வரைஞ்சது. அதுக்குப் பின்னாலதான் எண்டு எறோல் காட்டினவர். சனம் அதுல சாஞ்சி நிண்டு சிரிச்சிக் கதைக்குது. அதுகள் என்ன செய்யும், அதுகளுக்குத் தெரியுமா?

திவாகரனுக்கும் அந்தச் சுவரத் தொட்டுப் பாக்கணுமாம். மச்சானத் தனிய விட்டுட்டு இரிக்கிறமாம். அதச் சொல்லித்தான் என்ட வாய அடைக்கிறான். நீங்களும் அடுத்த ஸ்டேசனுக்கு ஆள் எடுக்கிறீங்க. இது வேற கொம்பனி, நல்ல கொம்பனி. சரி, நம்புறன். நான் கொம்பனியக் குற சொல்லல்ல. இப்ப எழும்பி வட்டைக்குப் போய்ப் பாருங்க, அவன் எங்க நிப்பான்? வரம்புல காலக் குடுத்துக்கிட்டுத்தான் நிப்பான். தொப்பியும் சப்பாத்தும் குடுத்துப் பழக்குறீங்க, சரி, அந்தக் கால என்ன செய்வீங்க?

என்ன, நேரமாகுதா? அவன்ட பாஸ்போட்டத் தந்தா வாங்கிட்டுப் போறீங்களா?

அது இல்ல அண்ணன். இண்டைக்குக் காலம அவன் வட்டைக்கு இறங்கின கையோட அடுப்புல வெச்சிட்டன். அந்தப் புத்தக மட்டை லேசில எரியல்ல, மண்ணெண்ண ஊத்த வேண்டியதாப் போச்சி. அவனுக்கு இன்னும் தெரியாது. ஏசுங்க, நீங்க ஏசத்தான் வேணும். புதுசு எடுப்பான், அதுவும் தெரியும். எடுக்குமட்டும் இஞ்ச கிடப்பான்தானே. இனி என்னோட கதைக்க மாட்டான், அக்கா எண்டு கூப்பிட மாட்டான். பறவாயில்ல. மூஞ்சத் திருப்பிக்கிட்டு இந்த வாசலால போய் வந்து திரியட்டும்.