‘ஓம்’ பக்கத்துக்குப் பொறுப்பேற்ற ரோஸ்வித்தா டீல்மான் அம்மையாருக்கு

சொல்லின் சுவடறிந்து, சுவையறிந்து, சுமையும் அறிந்தவரே! மார்பர்க் வட்டாரச் சொற்களஞ்சியத்தில் ‘ஓ’ எழுத்தை முப்பத்தோராண்டு ஆண்டவரே! ஆப்பிள் மதுக் கோப்பையைச் சற்றே கீழே வைத்து, உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் இம்மடலுக்குச் செவிசாய்க்க வேண்டுகிறோம்.

ஒரு பொருளுக்கு ஓர் அட்டை என்பது நம் அலுவலக வழக்கம். நேரில் பாராமல் எழுதுவதில்லை என்பது உங்கள் வழக்கம். ‘ஓம்’ என்ற ஒரே ஜெர்மன் சொல்லுக்கு நான்கு பொருள்; நான்கு அட்டைகள் எழுதினீர்கள். மின்தடை அலகுக்காகப் பழைய வானொலியைப் பிரித்து அளந்தீர்கள். ஓம் ஆற்றுக்காக முழங்கால் நீரில் இறங்கி, ஒரு காலுறையைப் பறிகொடுத்தீர்கள். பழைய மது அளவைக்காக நூற்றறுபது லிட்டர் பீப்பாயை வாளி வாளியாக நிரப்பினீர்கள். நான்காவது பொருள் தாய்மாமன். ‘பிள்ளைக்கு ஒன்றென்றால் முன்னால் வந்து நிற்பவன், இப்பொருள் வழக்கொழிந்தது’ என்று எழுதினீர்கள். அதை மட்டும் நேரில் பார்க்க உங்களுக்கு வாய்க்கவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கம் விளக்கங்கள் இடம் மாறி அச்சாகி வந்தது. மது அளவை அறுபது கிலோமீட்டர் ஓடி லான் ஆற்றில் கலந்தது. ஆறோ பீப்பாயில் அடைத்து விற்கப்பட்டது. அச்சிட்டது இரண்டாயிரம் பிரதிகள்! வெளியீட்டு விழாவில் ஊரே சிரித்தது. இயக்குநர் ஹெல்ம்ஸ் சிரிக்கவில்லை.

“எவன் பாத்த வேலை இது? இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!”

அந்த ஆள் அதே அறையில்தான் இருந்தான். பணி நிரந்தரமாக இன்னும் மூன்றே வாரம். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது உங்கள் குரல்தான் கேட்டது.

“பக்கம் என்னுது ஐயா. வேற யாரையும் தேடாதீங்க. திருத்தச்சீட்டு அடிச்சுக் குடுங்க, நாங்க ஒட்டிக்கறோம்.”

உங்களுக்கு வரவேண்டிய தலைமைப் பதிப்பாசிரியர் பதவி அவ்வாண்டு வேறொருவருக்குப் போயிற்று. நீங்களோ பிளம் கேக்குடன் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். “பசைமேல கேக்கு பட்டாப் பரவால்ல, கேக்குமேல பசை பட்டுச்சு, தொலைச்சிருவேன்!” என்றீர்கள். நான்கு நாள் ஒட்டினோம்; நான்கு நாளும் சிரித்தோம். ஆற்றங்கரை உழவர் ஒருவர், “எங்க ஆத்துல ரெண்டு பீப்பா அனுப்பி வைங்க” என்று கடிதமே போட்டார்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஹெல்ம்ஸ் ஐயா அவர்களே! நீங்கள் தேடிய ஆள் இம்மடலை வாசிக்கும் நான்தான். காபி கொட்டிய பதற்றத்தில் அட்டைகளை அள்ளி, மாற்றி அடுக்கினேன். அம்மையார் அட்டையின் கறையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். மறுநாள் முதல் தினமும் என் கோப்பையை மட்டும் எடுத்துச் சன்னலோரம் வைத்தார்.

அம்மையீர், முழங்கால் நோகாமல் இன்னும் பல கோடைகள் ஆற்றில் இறங்குங்கள். காலுறைகள் எங்கள் பொறுப்பு. உங்கள் அனுமதியின்றி ஒரு காரியம் செய்துவிட்டோம். நான்காவது அட்டையில், தாய்மாமன் என்ற பொருளுக்கு நீங்கள் எழுதிய ‘வழக்கொழிந்தது’ என்பதன்மேல் ஒரு திருத்தச்சீட்டு ஒட்டியிருக்கிறோம்:

‘வழக்கில் உள்ளது. நேரில் பார்த்தோம்.’

அன்பும் நன்றியும் மாறாத,
‘ஓ’ மேசைத் தோழர்கள்
வாசிப்பும் முதல் கையொப்பமும்: எகார்ட் லோவர்