படிக்கட்டில் ஒரு மைக்

சிரித்து முடித்தாயிற்றா? இனி சத்தம் போடாமல் கேளுங்கள். இப்போது பார்த்தோமே, அந்தப் படத்துக்குக் காலடிச் சத்தம் போட்டவர் என் நண்பனின் சின்ன மாமா.

இரவு இரண்டு மணி இருக்கும். ஊர் தாண்டிய நெடுஞ்சாலையோரம் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம்... சாலையில் ஒரு லாரிகூட இல்லை. பகலில் வண்டி இரைச்சல் பதிவில் விழும் என்பதால் மாமாவுக்கு ராத்திரியில்தான் வேலை. தனி ஆள். நாயகி நடந்தால் செருப்பு மாட்டுவார், கொலைகாரன் நடந்தால் பூட்ஸ். கத்தி இறங்கினால் பூசணிக்காயில் குத்துவார்.

இந்த மாதிரிப் படங்கள் என்றால் அவருக்கு அப்படியொரு இளக்காரம். பதினொன்றுக்கு வேலை பார்த்துவிட்டார், பதினொன்றும் ஒரே படம். நாலு பேர் ஊருக்கு வெளியே வீடெடுப்பார்கள். போனில் சிக்னல் இருக்காது. "ஆளுக்கொரு பக்கமாத் தேடலாம்" என்று ஒரு புத்திசாலி கிளம்புவான். முதலில் அவன் காலி. நாயகி தலைதெறிக்க ஓடுவாள். கொலைகாரன் சாப்பிட்டுவிட்டு உலாத்துகிறவன் மாதிரி நடப்பான்... ஆனாலும் பிடித்துவிடுவான்.

அன்றைக்கும் திரையில் அவள் மாடிக்குத்தான் ஓடினாள்.

"வாசக்கதவு தெறந்துதானே இருக்கு, மக்கு!" என்று மாமா கத்தினார்.

அந்த நேரம் பார்த்து அத்தை போன் செய்தாள். "கதவப் பூட்டிக்கிட்டு வேலை பாருங்க."

"நான் என்ன சினிமாவுல சாகுற முட்டாளா?" என்று சொல்லி வைத்துவிட்டார். பூட்டவுமில்லை.

கூடத்து ஓரத்தில் ஒரு மரப்படிக்கட்டு, மேலே சாமான் பரண். படியோரமாக மைக்கைத் தொங்கவிட்டார். பூட்ஸ் போட்டு, ஹெட்போன் மாட்டி, ஏறினார். தட்... தட்... தட். நின்றார்.

தட்... தட்.

அவர் கால் அசையவே இல்லை. எதிரொலியாக இருக்கும் என்று இறங்கி மறுபடி ஏறினார். நின்றார். இந்தத் தடவை மூன்று. மூன்றாவதில் கால் இழுபட்டது.

"சீ, என்ன நாத்தம் இது..." ஈரத் தோலும் துருவும் கலந்த வாடை. ஹெட்போனைக் கழற்றித் திரும்பினார். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பத்தடிதான். வெளியே சாலை விளக்கும் அவருடைய ஸ்கூட்டரும் தெரிந்தன.

ஓடியிருக்கலாம்.

"சாவி... மேல மாட்டுன சட்டப்பையிலதானே இருக்கு" என்று முணுமுணுத்தார். ஒரு நிமிஷ வேலைதானே? ஏறினார். பாதிப் படியில் இருக்கும்போது பரணில் பலகை கிறீச்சிட்டது.

"யாரது?" என்று கேட்டுவிட்டார். கேட்டவுடனே கூசிப்போயிருப்பார், பாவம். அதற்காகவே எத்தனை பேரைத் திட்டியவர்!

விடிந்ததும் அத்தை ஓடி வந்தாள். மாமா இல்லை. பூட்ஸ் இரண்டும் பரண் அலமாரியில் தம் இடத்தில் ஒழுங்காக இருந்தன... சொட்டச் சொட்ட நனைந்து. சாவி ஸ்கூட்டரிலேயே தொங்கியது.

மைக் மட்டும் விடிய விடிய ஓடியிருக்கிறது. இயக்குநருக்கு அவசரம், பதிவானதை அப்படியே படத்தில் சேர்த்துவிட்டான் புண்ணியவான். அவள் படியேறும்போது ஓர் ஆம்பளைக் குரல் "யாரது?" என்கிறதே... டப்பிங் சொதப்பல் என்று உருண்டு உருண்டு சிரித்தீர்களே, அது மாமா.

ஒலியை முழுசாகக் கூட்டி வைத்தால் பதிலும் கேட்கும். ரொம்ப மெல்ல... சலித்துப்போன குரலில்.

"வாசக்கதவு தெறந்துதானே இருக்கு, மக்கு."