பற்றறி வேண்டாம் என்றேன்

கூரையில் சோலார் போடுவதென்றால் முதலில் யோசிக்க வேண்டியது வெயிலை அல்ல, தண்ணீரை. எங்கள் கரம்பொனில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் கடற்காற்றில் வருகிற உப்பு பலகைகளின் மேல் வெள்ளையாகப் படியும். கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் இன்னும் படியும், கிணறும் உவர்தானே. பவுசர் லொறியில் வருகிற குடிதண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதற்கு மனம் வருமென்றால் போடுங்கள் என்றுதான் பக்கத்து வீட்டு மேரிசுகந்திக்கும் சொன்னேன். உங்கள் பொலிஸ் நிலையக் கூரையையும் வரும்போது பார்த்தேன், ஐயா. தெற்குப் பக்கம் மறைப்பில்லை. போடலாம்.

நீங்கள் கேட்பது அக்காவைப் பற்றி. அதற்கும் இந்த வழியால்தான் வர வேண்டும்.

முப்பத்திரண்டு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். சரவணமுத்து மாஸ்ரர் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியும். எந்தக் காரியத்தையும் ஒரு கொப்பியில் நடுவே கோடு கீறி, நன்மை இந்தப் பக்கம், தீமை அந்தப் பக்கம் என்று எழுதிப் பார்த்துத்தான் செய்வேன். கலியாணம் கட்டவில்லை, அதையும் எழுதித்தான் பார்த்தேன்.

வீடு அக்கா அன்னபூரணத்தினுடையது. நாங்கள் இரண்டு பேரும் பிறந்த வீடு. எங்கள் வழக்கப்படி அவருக்குச் சீதனமாகப் போயிற்று. அத்தான் செத்த பிறகு துணைக்கென்று வந்தவன், பத்தொன்பது வருஷம் அங்கேயே தங்கிவிட்டேன். ஐந்து வருஷத்துக்கு முன் அக்காவின் நுரையீரல் பழுதாயிற்று. அதற்குப் பிறகு ஒட்சிசன் மிசின் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. அது கறண்டில் ஓடுவது. கறண்ட் நின்றால் மிசின் கீச்சிடும். அக்கா "தம்பி" என்று கூப்பிடுவார். நான் ஓடிப்போய் சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டுவேன். ஒரு நிமிஷ வேலை.

மின்வெட்டு நடந்த காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று தரம், நான்கு தரம் கூப்பிடுவார். கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றவன் ஈரத்தோடு ஓடியிருக்கிறேன். ஊரே மின்வெட்டைத் திட்டியது. நான் திட்டவில்லை.

சோலார் போடச் சொன்னது அக்காவின் மகள் கஜானி. கனடாவிலிருந்து ஃபோன் எடுத்துச் சொன்னாள்.

"அம்மாவின்ர மிசின் நிக்கக்கூடாது மாமா. அதுதான் எனக்கு முக்கியம். எது நல்லதெண்டு நீங்களே பாத்துப் போடுங்கோ. உங்களுக்குத் தெரியாததே."

யாழ்ப்பாணத்திலிருந்து சுலக்சன் என்று ஒருவர் வந்து கூரையை அளந்தார். சோலார் பூட்டுவதே அவருடைய தொழில். நிழல் விழுகிற இரண்டு பனைகளையும் கணக்கில் எடுத்தார். கெட்டிக்காரர். ஒன்றையும் மறைக்கவில்லை.

"ரெண்டு விதம் இருக்கு மாஸ்ரர். கறண்டைச் சேத்து வைக்கிற பற்றறி இல்லாமல் போட்டா பில் குறையும். ஆனா லைன் கறண்ட் நிண்டா இதுவும் நிண்டிடும்."

"வெயில் எறிச்சாலுமோ?"

"எறிச்சாலும்தான். லைனில ஏறி வேலை செய்யிற ஆக்களுக்குக் கறண்ட் அடிக்கக்கூடாதெல்லே, அதுக்காகத் தானா நிக்கும். மெயின் சுவிச்சை நிப்பாட்டினாலும் அப்பிடித்தான். வீட்டில வருத்தக்கார ஆள் இருக்கிறா. நீங்கள் பற்றறியோட போடுங்கோ."

அன்று பின்னேரம் கொப்பியை எடுத்தேன். பற்றறிக்கு எதிராக: வெக்கையில் ஆயுள் குறையும். உப்புக்காற்று முனைகளை அரிக்கும். பழுதானால் திருத்துகிற ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும். பற்றறிக்கு ஆதரவாக ஒன்றே ஒன்று: மிசின் நிற்காது. மூன்றுக்கு ஒன்று. பற்றறி வேண்டாம் என்றேன். சுலக்சன் அக்காவின் அறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"சிலிண்டர் கிடக்கு. நான் நிக்கிறன்தானே" என்றேன்.

விண்ணப்பத்தில் வீட்டுக்காரர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். அக்கா கட்டிலில் இருந்தபடி வைத்தார். வைத்துவிட்டுக் கேட்டார், "இனிக் கறண்ட் நிண்டாலும் பயமில்லைத்தானே, தம்பி?"

ஓம் என்றேன்.

அந்த இடத்தில் நான் பொய் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு சந்தோஷமாகக் கேட்ட முகத்துக்கு வேறு பதில் வரவில்லை. கஜானிக்கும் அதையே சொன்னேன். அவளும் மேலே கேட்கவில்லை. கூரையில் பலகை ஏறிவிட்டால் கறண்ட் நிற்காது என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கறண்ட் நின்றது. மிசின் கீச்சிட்டது. அக்கா கூப்பிடவில்லை. நானாகவே சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனேன். கையைக் காட்டி என்னை மறித்தார்.

"நில். வெயில் எறிக்குதெல்லே. இப்ப வரும்."

நான்கு நிமிஷத்தில் வந்துவிட்டது. லைன் கறண்ட்தான் திரும்பி வந்தது, வெயிலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அக்கா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "பாத்தியே, நீ இல்லாமலே வந்திட்டுது." அடுத்த தரமும் இப்படியே நடந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் பற்றறி போடவில்லை என்ற கேள்வி வரும்.

ஒரு நாள் மேரிசுகந்தியிடம் அக்கா சொல்வது எனக்குக் கேட்டது. "இனித் தம்பியைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லை. அவனும் வயசு போனவன். பாவம், எத்தினை வருசம் ஓடித்திரிஞ்சவன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கரைச்சல் என்று நான் எந்த நாளில் சொன்னேன்? எண்ணிப் பார்த்தால் மூன்று மாதமாக அந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடவில்லை. சாப்பாடு கொண்டு போனால் "வை" என்பார். மருந்து கொடுத்தால் வாயைத் திறப்பார். அதெல்லாம் கூப்பிடுவது ஆகாது.

அதனால் ஒரு பாடம் நடத்தலாம் என்று நினைத்தேன். லைன் நின்றால் சோலாரும் நிற்கும் என்பதை அக்கா தெரிந்துகொள்வது அவருக்குத்தான் நல்லது. மிசின் கீச்சிடும், பலகை உதவாது, தம்பி என்பார், நான் போவேன். பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தலாம். பாடத்துக்கு முன்பே கருவிகளை எடுத்து வைப்பது என் பழக்கம். முதல் நாளே சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வந்து, விறாந்தையில் மெயின் சுவிச்சுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

ஓம், ஐயா. அன்று கறண்ட் நிற்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கு நான்தான் சுவிச்சை நிறுத்தினேன்.

மிசின் கீச்சிட்டது. நான் ஒரு கையைச் சிலிண்டரில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்காவின் அறை எட்டு அடி தூரம். யன்னலால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருப்பேன், பாடம் குழம்பியிருக்கும். "வெயில் எறிக்குது" என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது. யாருக்குச் சொன்னார் என்று தெரியாது. அதற்குப் பிறகு கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று நின்றேன். கால் உளைந்தது. பன்னிரண்டு எட்டுக்குச் சுவிச்சைப் போட்டேன். மிசின் ஒரு பழுதும் இல்லாமல் ஓடத் தொடங்கியது. உள்ளே போனபோது அக்காவின் முகம் யன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வெளியே நல்ல வெயில்.

கறண்ட் நின்றுவிட்டது, சோலாரும் அன்று வேலை செய்யவில்லை, நான் வளவின் கோடியில் நின்றேன், மிசின் கீச்சிட்டது கேட்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். கஜானி வந்து என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள். ஆனால் பலகைகள் எவ்வளவு கறண்ட் உண்டாக்கின என்பதைக் கைபேசியில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கனடாவிலிருந்து அவளும் பார்க்கும்படி சுலக்சன் அதை முன்பே ஒழுங்கு செய்து கொடுத்திருந்தார். அங்கே இருந்துகொண்டு, தாயின் கடைசி நாளைத் தேடிப் பார்த்திருக்கிறாள். காலையிலிருந்து ஏறிக்கொண்டு போன கோடு, பதினொன்று நாற்பதுக்குக் குழியில் விழுந்து கிடந்தது. அந்த நேரம் அவர்கள் வீட்டிலும் கறண்ட் நின்றதா என்று மேரிசுகந்தியிடம் கேட்டாள். மேரிசுகந்தி அந்த நேரம் மிக்சியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாளாம். கொப்பியில் தீமைப் பக்கத்தில் இதை எழுத எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்காகச் செய்தேன் என்று எழுத வேண்டாம். வீடு கஜானிக்குத்தான் போகும், அது எனக்கு எப்போதும் தெரியும். எனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

இன்னொன்று. அந்த நிலையில் ஆளுக்குக் குரலே எழும்பாது என்று டொக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. இருபத்தெட்டு நிமிஷத்தில் ஒரு சொல் வராதா? பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பு கட்டில் சட்டத்தில் தட்டுப்பட்ட சத்தம் கேட்டது உண்மை. மூன்று தரம், விட்டு விட்டு. பிறகு செம்பு விழுந்து உருண்டது. அதைக் கூப்பிட்டது என்று எழுதாதீர்கள், ஐயா. கூப்பிடுவதென்றால் தம்பி என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் ஓடிப்போயிருப்பேன். ஒரு நிமிஷ வேலை.