பச்சை விளக்கில் வைத்த சந்தனம்

பழுது பார்க்க வெளியாள் வரும்வரை காத்திருப்பதை நாம் ஏன் வழக்கமாக்கிக்கொண்டோம்? விஜயதசமி காலையில், செங்கலடியில் ஏறிய பேருந்தில், முன்னிருக்கைப் பெண்ணின் கைப்பேசி உரையாடல் எனக்குள் இக்கேள்வியை எழுப்பியது.

“இன்டர்நெட் வரல்லக்கா. முதல் வகுப்புக்குப் பிள்ளையள் வந்து குந்திட்டுதுகள்,” என்றது ஒலிபெருக்கியில், கரடியனாற்றுக் கணினி வகுப்பிலிருந்து ஒரு பெண்குரல்.

“கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல லினக்ஸ் என்ன சொல்லுது?”

“‘நோ கேரியர்’ எண்டு.”

“அப்ப வயர்தான் பிடிக்கல்ல. பூசையில கம்ப்யூட்டருக்குச் சந்தனம் எங்க வெச்சநீ?”

“பின்னால, வயர் குத்திற, பச்ச லைட் மினுங்கிற ஓட்டையில.”

“நல்ல பக்தி, புள்ள! கம்ப்யூட்டரை நிப்பாட்டிப்போட்டு, வயரைக் கழட்டி, ஓட்டையைக் காஞ்ச பிரஷால துடைச்சிட்டு, வயரைத் திரும்பக் குத்து.”

வந்தாறுமூலை வருவதற்குள் குரல் துள்ளியது: “வந்திட்டுக்கா! நானே சரியாக்கிட்டன்!”

“கேட்டீங்களா? எங்கட ஊர்ப் புள்ள!” என்று அப்பெண் பேருந்துக்கே அறிவித்தார்.

என் பணியிடத்தில் இப்போது கணினி பழுதானால், ஆளை அழைப்பதற்கு முன் நாங்களே பார்க்கிறோம்.