தரை துடைத்தால் நூற்றெண்பது கலோரி

— இது என்னங்க இது? “பாத்ரூம் தேய்த்தல், நாற்பது நிமிடம், நூற்று அறுபது கலோரி.” இதைப் போயா உடற்பயிற்சின்னு போட்டு வெச்சிருக்கீங்க?

— என் போனை எதுக்கு நோண்டுற?

— நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு கம்பெனில உங்களுக்கு எடை போடப் போறாங்க. பொண்டாட்டி பாக்காம வேற யாரு பாப்பாங்க? அடுத்தது பாருங்க. “தரை துடைத்தல், நூற்றெண்பது.” “துணி காயப்போடுதல், அறுபது.” துணி காயப்போடறதுக்கு அறுபதா?

— ஈரத் துணி என்ன கனம் தெரியுமா? பதினெட்டு வருஷமா கிரேன் ஓட்டறவன் நான். கனம்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்காதே.

— கிரேன்ல கனத்தைத் தூக்கறது மெஷினு. நீங்க சீட்ல சாஞ்சுக்கிட்டு லீவரை ஆட்டறீங்க.

— அதையேதான் நானும் சொல்றேன் கேட்டுக்கோ. பதினெட்டு வருஷம் உக்காந்த வேலை. இப்ப நாலு மாசமா வீட்ல நின்னு வேலை, குனிஞ்சு வேலை. உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? கணக்கு கரெக்ட்டா இருக்கு மாஸ்டரம்மா.

— மாஸ்டரம்மாவா? கட்டிங் மாஸ்டர்னா கேலியா இருக்கா உங்களுக்கு? அளவு விஷயத்துல என்கிட்ட வாயைக் குடுக்காதீங்க, சொல்லிட்டேன். இந்தக் கணக்கை ஆரம்பிச்ச அன்னிக்கே போன் உங்களை ஒரு கேள்வி கேட்டுதுல்ல? நாள் பூரா உக்காந்திருப்பீங்களா, நடமாடுவீங்களா, ஓடியாடி வேலை பாப்பீங்களான்னு? நீங்க எதை அமுக்கினீங்க?

— ஓடியாடி.

— அப்ப கூட்டறது, துடைக்கறது எல்லாம் அதுலயே சேர்ந்தாச்சு. அதுக்கு மேல ஒவ்வொண்ணையும் தனித்தனியா இன்னொரு தடவை போட்டா எப்படி? ஒரே துணியை ரெண்டு தடவை அளந்துட்டு ரெண்டு சட்டை வரும்னு சொல்ற மாதிரி இருக்கு.

— அது சும்மா மேலாப்புல பெருக்கறவங்களுக்கு. நான் பீரோவை நகத்திட்டுப் பெருக்கறேன்.

— நகத்தறது தெரியும். திருப்பி வைக்க மாட்டீங்கங்கறதும் தெரியும். நேத்து என் முட்டி தெரிஞ்சுக்கிச்சு.

— அதையும் சேர்த்தா இன்னும் நாப்பது கலோரி போட்டிருக்கணும். விட்டுட்டேன். நான் நேர்மையான ஆளு.

— நல்லாருக்கு கதை! பதினாலு வருஷம் நான் கூட்டினேன், துடைச்சேன், பாத்திரம் தேய்ச்சேன், அதுக்கப்புறம் கம்பெனிக்குப் போய் எட்டு மணி நேரம் நின்னு துணி வெட்டினேன். ஒரு நாளாவது யாராச்சும், “அடடா, நல்லா எக்சர்சைஸ் பண்றே”ன்னு சொன்னாங்களா? வேலைன்னுகூட சொல்லல. நீங்க தொட்டதும் அது உடற்பயிற்சி ஆயிடுச்சா?

— நீ செஞ்சதும் உடற்பயிற்சிதான். அன்னிக்கு எனக்குப் புத்தி இல்ல. இப்ப இருக்கு. போதுமா?

— ம்... சரி, அது பரவால்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் செஞ்சு என் எடை குறையலையே?

— நீ மொத்தத்தையும் முக்கால் மணி நேரத்துல முடிச்சுட்டு கையைத் துடைச்சுக்குவ. எனக்கு ரெண்டரை மணி நேரம் ஆகுது. மூச்சு வாங்குது, வேர்க்குது, இடுப்பைப் புடிக்குது. அப்ப கலோரி யாருக்கு ஜாஸ்தி?

— ஓகோ. வேலை தெரியாதவங்களுக்குத்தான் மார்க்கா?

— கலோரிக்கு வேலை தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?

— பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. சரி, இவ்வளவு செய்யறவரு, அந்த ஃபேனை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கீங்க? நூல் நூலாத் தொங்குது தூசி.

— ஸ்டூல் ஆடுது. கால் சரியில்ல அதுக்கு. வாங்கித் தா, துடைக்கறேன்.

— நீங்க சொல்ற சாக்கு இருக்கே... இதெல்லாம் விடுங்க. நான் விளையாட்டாப் பேசறேன்னு நினைக்காதீங்க. எடையைக் குறைச்சுட்டு வாங்கன்னு நாலு மாசம் வீட்டுக்கு அனுப்பினாங்க. நாளைக்கு நூறு கிலோவுக்குக் கீழ இல்லைன்னா கிரேனை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நீங்க குடோன் கேட்ல உக்காந்து லாரி நம்பர் எழுதணும். உங்களால முடியுமா அது?

— விதி போட்டவங்க மேல கோவப்படு. பாதுகாப்புக் கயிறு நூறு கிலோவுக்குத்தான் தாங்கும்னு புதுசா சட்டம். பதினெட்டு வருஷமா தாங்கின கயிறுதான் அது.

— கயிறு மேல எனக்கென்ன கோவம்? இந்தத் துடைச்ச கணக்கு மேலதான் கோவம். தரையைத் துடைச்சதும் நூற்றெண்பது கழிஞ்சுடுச்சுன்னு போன் சொல்லுது. நீங்களும் அதை நம்பி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கறீங்க. அதனாலதான் எடை நூறுக்கு இறங்கவே இல்ல.

— ரெண்டே ரெண்டு பிஸ்கட். உனக்கு ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. வீட்டு வேலை செஞ்சா எடை குறையும். கண்டிப்பாக் குறையும். யார் வந்து சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன். குறைஞ்சே—

— குறைஞ்சே?

— குறைஞ்சே தீரும்னு சொல்ல வந்தேன்.

— தீரலையே! தினம் காலைல எடை மெஷினைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பறீங்க. நான் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன், இங்க பாருங்க. நூத்தி மூணரை. நூத்தி மூணு. நூத்தி ரெண்டு. நூத்தி ஒண்ணேகால். அப்பாடா, வந்துட்டாரு மனுஷன்னு நினைச்சா, மறுநாள் காலைல நூத்தி மூணரை! இப்படியே மூணு தடவை. படிப்படியா இறங்கி, ஒரே நாள்ல எகிறுது. அப்படி அன்னிக்கு என்னதான் தின்னீங்க?

— உடம்புல நீர் சேருது. எல்லாருக்கும் அப்படித்தான்.

— ரெண்டேகால் கிலோ நீரா? ராத்திரியோட ராத்திரியா?

— பெரிய உடம்பு. பெரிய நீர்.

— உங்களோட பேசி ஜெயிக்க முடியுமா? இந்தாங்க, இதைப் போட்டுப் பாருங்க. நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போக பேன்ட். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து தைச்சேன்.

— எதுக்கு இப்ப? பழசே நல்லாத்தான் இருக்கு.

— பழசுல முட்டி வெளுத்துப் போச்சு. போடுங்கன்னா போடுங்க. பின்னு ஏதாவது குத்தினா சொல்லுங்க.

— ...போட்டுட்டேன். நல்லாருக்கு. கழட்டட்டுமா?

— இருங்க. ஏன் இடுப்பைக் கையால புடிச்சிருக்கீங்க?

— சும்மா.

— கையை எடுங்க.

— எதுக்குடி?

— எடுங்கன்னேன்... அட! விழுந்துடுச்சு! நான் நாப்பத்திரண்டுக்குத்தானே வெட்டினேன்? என் கை தப்பாது. நேரா நில்லுங்க, டேப்பைச் சுத்தறேன். மூச்சை உள்ள இழுக்காதீங்க.

— இழுக்கல. வெளிய தள்ளறேன்.

— தள்ளியும் முப்பத்தெட்டு! நாலு இஞ்ச் எங்கங்க போச்சு?

— டேப் இழுபட்டிருக்கும். பழசு.

— என் டேப்பா? இதை வெச்சு ஆயிரம் பேருக்கு யூனிஃபார்ம் வெட்டியிருக்கேன், ஒருத்தர்கூட திருப்பிக் குடுத்தது இல்ல. நடங்க. எடை மெஷின்ல ஏறுங்க.

— சாப்பிட்டுட்டு ஏறக்கூடாது. காலைல வெறும் வயித்துல ஏறினாத்தான்—

— ஏறுங்க!

— ஏறிட்டேன்.

— தொண்ணூத்தேழு புள்ளி ஆறு.

— மெஷின் ரிப்பேர்.

— தள்ளுங்க, நான் ஏறிப் பாக்கறேன். அறுபத்தொண்ணு. எனக்கு ஒழுங்காத்தான் காட்டுது. நீங்க இன்னொரு தடவை ஏறுங்க. தொண்ணூத்தேழு புள்ளி ஆறு! ஐயோ, நூறுக்குக் கீழ! ரெண்டு கிலோவுக்கு மேலேயே கீழ! எனக்கு அழுகையா வருதுங்க. நாலு மாசமா நான் பட்ட கவலை... இருங்க. இன்னிக்குக் காலைலகூட நூத்தி மூணுன்னு போட்டோ வந்துதே?

— ம்.

— போட்டோல மெஷினும் உங்க கால் விரலும்தான் தெரியும். மேல என்ன வெச்சிருந்தீங்க?

— மேலன்னா?

— கையில. கையில என்னத்தைப் புடிச்சுக்கிட்டு ஏறினீங்க?

— ...தரை துடைக்கற மருந்து கேன். அஞ்சு லிட்டர்.

— கேனா?

— இடது கையில கேன், வலது கையில போன்.

— அதான் துடைக்கத் துடைக்க எடை இறங்கிச்சா! கேன்ல மருந்து குறையக் குறைய! நூத்தி ஒண்ணுக்கு வந்ததும் புது கேனைத் தூக்கிட்டீங்க!

— முதல் தடவை நான் கவனிக்கல. ஏன் இறங்குதுன்னு நானே ஒரு வாரம் குழம்பினேன்.

— சிங்க் அடியில பாதிப் பாதியா மூணு கேன் கிடக்குது. இந்த மனுஷனுக்குச் சுத்தம்னா என்ன வெறின்னு நான் கம்பெனில எல்லார்கிட்டயும் பெருமை பேசிட்டிருக்கேன்!

— பெருமைல தப்பில்ல. வீடு சுத்தமாத்தானே இருக்கு? இன்னொண்ணும் நீ கவனிக்கணும். நூத்தியெட்டுல ஆரம்பிச்சேன். பத்து கிலோ போயிருக்கு. ஒரு நாள் ஓடல, ஒரு தண்டால் எடுக்கல. கூட்டினேன், துடைச்சேன், தேய்ச்சேன். வீட்டு வேலை கணக்குல சேரும்னு இப்பவாவது ஒத்துக்கறியா?

— ஒத்துக்கறேன். தாராளமா ஒத்துக்கறேன். ரெண்டு தடவை வேணா எழுதிக்கோங்க. ஆனா ஏன் என்கிட்ட மறைச்சீங்க? சந்தோஷமா சொல்லிக் குதிச்சிருக்க வேண்டிய விஷயம்தானே இது?

— எனக்கு இங்க நல்லாருக்கு. நீ சாயங்காலம் வர்றப்ப வீடு பளிச்சுன்னு இருக்குது. உன் முகத்தைப் பாக்கறேன். பதினாலு வருஷம் பாக்காத முகம்.

— ...நிஜமாவா சொல்றீங்க?

— நிஜம்.

— இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்? ஆனா நீங்க அந்த கிரேன் மேல உயிரையே வெச்சிருக்கீங்க. கல்யாணமான புதுசுல என்னைக் கூட்டிட்டுப் போய், அதோ தெரியுதுல்ல, அந்தக் கண்ணாடிக் கூண்டு, அதான் என் ஆபீஸுன்னு காட்டினீங்களே, அந்த ஆள்தானே? வீட்டுல நான் பாத்துக்கறேன், வேலையைப் பாதி பாதியாப் பிரிச்சுக்கலாம். இருங்க, உங்க சைட் இன்ஜினியருக்குப் போன் போடறேன். எங்க வீட்டுக்காரர் தொண்ணூத்தேழு கிலோ, நாளைக்கே கிரேனை எடுத்துக்குவாருன்னு சொல்றேன். அவரு குரல்ல சந்தோஷத்தை நான் கேக்கணும்.

— போடாதே.

— ஒரே நிமிஷம். மணி அடிக்குது.

— போனை வைம்மா.

— ஏங்க?

— வைன்னு சொல்றேன்ல!

— ...வெச்சுட்டேன். என்ன இது? ஒரு நாளும் என்கிட்ட இப்படிக் கத்தினதில்லையே? உக்காருங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?

— நாலு மாசம் முன்னாடி முதல் தடவை எடை போட்டாங்களே, அதுக்கு முந்தின வாரம். காத்து ஜாஸ்தியா இருந்துச்சு. கம்பிக் கட்டைத் தூக்கிட்டேன், பாதியில சுத்த ஆரம்பிச்சுடுச்சு. கீழ ஆறு பேரு நிக்கறாங்க. எப்படியோ இறக்கிட்டேன். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல.

— ஒண்ணும் ஆகலைல்ல? அப்புறம் என்ன?

— அப்புறம் நான் இறங்கணும்ல? ஏணியில காலை வைக்க முடியல. பதினெட்டு வருஷமா நான் ஏறி இறங்கின ஏணி. கம்பியைப் புடிச்ச கை விட மாட்டேங்குது. ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். கீழேர்ந்து கூப்பிட்டாங்க, சாப்பிட்டுட்டிருக்கேன்னு சொன்னேன்.

— யார்கிட்டயும் சொல்லலையா?

— மறுநாள் ஏறினேன். அதுக்கு மறுநாளும் ஏறினேன். தினம் காலைல வாந்தி எடுத்துட்டு ஏறினேன். அப்பதான் இந்த எடை விதி வந்துச்சு. நூத்தியெட்டு கிலோ, நீ மேல போகக்கூடாதுன்னாங்க. எல்லாரும் பாவம்னு தோளைத் தட்டினாங்க. எனக்கு உள்ளுக்குள்ள அப்பதான் உயிரே வந்துச்சு.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க. நான் யாரு உங்களுக்கு?

— நாளைக்குக் கம்பெனி மெஷின்லயும் இடுப்புல எதையாவது கனமாக் கட்டிக்கிட்டு ஏறலாம்னு இருந்தேன். நூத்தி மூணு கிலோன்னா ஆளு கனம்னு சொல்லிச் சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. தொண்ணூத்தேழா இருந்தும் கிரேன்ல ஏறலைன்னா, பயந்துட்டான்னு தெரிஞ்சு போயிடும்மா.