அந்தப் பள்ளத்தில் எதுவும் நடாதீர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் அண்ணா அவர்களே, படித்து முடித்தும் இன்று ஓடி வந்திருக்கும் பிள்ளைகளே, படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே! கனத்த மனத்தோடு உங்களை வணங்குகிறேன்.

இயற்கை வளப் பாதுகாப்புத் துறையின் பேராசிரியர், என் தோழி, போய்விட்டாள். 'மறைந்துவிட்டார்' என்று சொல்லத்தான் நினைத்து வந்தேன். வாய் வரவில்லை. அவள் மண்ணைப் பற்றி நடத்துவாள், நான் தண்ணீரைப் பற்றி நடத்துவேன். அடுத்தடுத்த மேசை. பாதி நாள் சண்டை, பாதி நாள் சிரிப்பு. அவளைப் போய் 'அவர்' என்று எப்படிச் சொல்வேன்?

வெளியே வராந்தாவில் மரக்கன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் புல்பள்ளத்தில், அவள் நினைவாக ஆளுக்கொன்று நடவேண்டும் என்று ஏற்பாடு. அவள் கணவர், நம் அண்ணா, நாற்றுப்பண்ணையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வந்தவை. துணைவேந்தர் ஐயா அதைச் சொன்னபோது நீங்களெல்லாம் தலையசைத்தீர்கள். நான் மட்டும் தலையசைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் என்ன? 'விட்டுடு மேடம்'! எதைக் கேட்டாலும் அவள் முதல் பதில் அதுதானே! வேறெங்கும் இடம் கிடைக்காமல், மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இந்தப் படிப்புக்கு வருகிறவர்களை முதல் நாளே அந்தப் பள்ளத்துக்குக் கூட்டிப்போவாள்.

"எல்லாரும் படுங்க."

"மேடம், சட்டை ஈரமாயிடும்."

"ஆகட்டும். என்ன இப்போ?"

மழை விட்ட மதியமாக இருக்கும். புல் நுனியில் தும்பிகள் ஏதோ மறந்துபோனதுபோல அப்படியே நிற்கும். "காதை மண்ணுல வை. தண்ணி இறங்குற சத்தம் கேக்குதா?" என்பாள். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீரைப் பற்றியே நடத்துகிற எனக்கு! ஆனால் கேட்கிறது என்று சொன்ன பிள்ளைகளின் முகத்தில் பொய் இருக்காது. நானும் அவர்களோடு படுத்திருக்கிறேன். மேகம் நகர்கிறதா, நாம் நகர்கிறோமா என்று தெரியாது. மணி அடிக்கும், யாரும் எழ மாட்டோம். ஒருவன் குறட்டையே விட்டான். "எழுப்பாதீங்க, இவன்தான் பாடத்தை ஒழுங்கா கவனிக்கிறான்" என்றாள் மகராசி.

முந்தைய துணைவேந்தர் காலத்தில் இதே பள்ளத்தில் மரம் நடு விழா நடந்தது. பந்தல் என்ன, பதாகை என்ன, புகைப்படம் என்ன! மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு கன்றும் இல்லை. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, வேர் நோகாமல் தோண்டி எடுத்து, விடுதிக்குப் பின்னால் உள்ள மொட்டைச் சரிவில் நட்டுவிட்டாள். அவளைக் கூப்பிட்டு வைத்து, "பாதுகாப்புன்னு பாடம் நடத்துறீங்க, மரத்தைப் பிடுங்குறீங்களா?" என்று அந்தத் துணைவேந்தர் குதித்தார்.

அவள் அசரவில்லை. "பிடுங்கல சார், இடம் மாத்தினேன். பள்ளம் காலியா கிடக்குதுன்னு நினைச்சு நட்டுட்டீங்க. அது காலி இல்ல. அது புல்லோட வீடு. அந்த வேர்தான் மழையைப் பிடிச்சு உள்ள இறக்குது. மரம் வளர்ந்தா நிழல்ல புல்லு செத்துடும், இருக்கிற தண்ணியையும் மரமே குடிச்சுடும்" என்றாள். அவர் வாயடைத்துப்போனார் என்று நான் கதைவிட மாட்டேன். அவர் ஓய்வுபெறும்வரை அவளோடு பேசவே இல்லை.

அண்ணா! இன்று காலை இதை உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தீர்கள். "அவளுக்குப் பிடிக்கும்ல?" என்று கேட்டீர்கள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, நானும் ஒரு குவளையை எடுத்துத் தண்ணீர் தெளித்தேன். காலம் முழுக்கப் பேருந்துப் பணிமனையில் இயந்திரங்களைக் கழற்றி மாட்டிய கை உங்களுடையது. அவளுக்காக ஏதாவது செய்யாவிட்டால் அந்தக் கை என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாதா?

எழுந்து நிற்கிறீர்களே... பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "அப்போ நான் அவளுக்குன்னு என்னதாம்மா பண்றது?" என்று கேட்கிறார்.

கன்றுகள் சரிவுக்குப் போகட்டும் அண்ணா. நாளைக்கு நானும் வந்து குழி தோண்டுகிறேன். இன்று வெறுங்கையோடு பள்ளத்துக்குப் போய்ப் படுத்திருப்போம். நேற்றுப் பெய்த மழை நம் முதுகுக்குக் கீழே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். தெருக்களுக்கு அடியில், இருட்டில், அவசரமே இல்லாமல் நடந்துபோய், கோடையில் யார் வீட்டுக் கிணற்றிலோ ஊறும். அதைக் குடிக்கிறவர்களுக்கு அவள் யாரென்றே தெரியாது. அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

துணைவேந்தர் ஐயா, உங்கள் முன்னிலையில் வாக்குக் கொடுக்கிறேன். நானும் என் துறையும் இருக்கும்வரை அந்தப் பள்ளத்தில் கட்டடம் வராது, கன்று வராது, அவள் பெயர்ப்பலகைகூட வராது. அவள் நடத்திய முதல் நாள் வகுப்பை இனி நான் நடத்துவேன்.

வாங்க அண்ணா, போகலாம். அவள் போன பிறகு நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. தனியாகப் போக என்னால் முடியவில்லை.