முகம்மது கவுஸ் எழுதிய இரண்டாவது பெயர்

தலைமையேற்றிருக்கும் முதல்வர் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, பேராசிரியர் முகம்மது கவுஸ் அவர்களின் குடும்பத்தாரே, ஆசிரிய நண்பர்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

வேதியியல் துறை ஜானகியம்மாள் பேசுகிறேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. சேலம் போன பேருந்து தொப்பூர் கணவாயில் லாரியோடு மோதிவிட்டது, கவுஸ் சார் இல்லை என்று வந்து சொன்னார்கள். நான் ஆய்வகத்தில் பியூரெட் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, மீதியையும் கழுவி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். இன்னும் அழவில்லை.

கணிதப் பேராசிரியர் என்பார்கள். தேர்வுக் கண்காணிப்பாளர் என்பார்கள். அவர் யார்? ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் மகள் ஷகிலாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

போன வருஷம், எண்பத்தைந்து ஏப்ரல். பல்கலைக்கழகத் தேர்வு. பென்னாகரத்து மாணவி ஒருத்தியின் கையில் பிட் இருந்தது. நான்தான் பிடித்தேன், சாரை அழைத்தேன். யார் கொடுத்தது என்று அவள் சொல்லவில்லை. சார் அந்தத் துண்டுத்தாளைப் பார்த்தார். அடுத்த வரிசையில் இருந்த தன் மகளைப் பார்த்தார்.

"உன் எழுத்தாம்மா?"

ஷகிலா எழுந்து நின்றாள். தலையாட்டினாள்.

"பிட்டு அந்தப் பொண்ணு கையிலதானுங்க இருந்துது. ஒரு பேரு போதுமுங்களே" என்றார் அலுவலகத்தில் ஒருவர்.

"வாங்கினவள வூட்டுக்கு அனுப்பிட்டு, கொடுத்தவள விட்டுடறதா? அது எந்தக் கணக்குங்க?" என்றார் சார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் புகாரில் இரண்டாவது பெயரைத் தன் கையாலேயே எழுதினார். இருவருக்கும் ஒரு வருஷம் போனது. அவர் மனைவி ரோஷன் பீ அம்மா பல நாள் அவரிடம் பேசவில்லை.

பென்னாகரத்தில் அந்தப் பெண்ணின் தகப்பனார் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். சார் ஷகிலாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

"என் மகளுக்கும் இதே தண்டனைதானுங்க. ரெண்டு பேரும் சேந்து எழுதட்டுமே" என்றார்.

தகப்பனார் வெகுநேரம் ஷகிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிங்க, அனுப்பறேன்" என்றார். தண்டித்தவர் சொல்லை அவர் ஏன் கேட்டார்? நான் விளக்க வேண்டுமா?

வருகிற திங்கட்கிழமை அந்த இருவரும் தேர்வெழுத வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாமே என்று ஷகிலாவிடம் கேட்டேன். "வேணாங்க மேடம். எழுதறேன்" என்றாள்.

சாரின் பொறுப்பை முதல்வர் என்னிடம் கொடுத்திருக்கிறார். மாணவ மாணவியரே, திங்கட்கிழமை நான் வருவேன். வரிசை வரிசையாக நடப்பேன். யார் பிள்ளை என்று பார்க்க மாட்டேன். சாருக்காக என்னால் செய்ய முடிந்தது இதுதான்.

படித்துவிட்டு வாருங்கள்.